நாற்பத்தொன்று

மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது முறை.
மூன்றாவதற்கும் பதில் வராது என்பதும்
எழுதி வைத்த முறைதான்.

வடக்கு டகோட்டாவில் மார்ச் மாதம் வசந்தம் என்று
நாள்காட்டி மட்டும்தான் சொல்லும்.
கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கார்களிலும்
வயர்லெஸைத் திறந்து வைத்திருந்தார்களாம்.
முப்பது மைல் தள்ளி, ஜன்னலில்லாத இந்த அறையில்
பொத்தானை அழுத்தினேன்.
நாற்பத்தொன்று.
இரைச்சல்.
நாற்பத்தொன்று.
பனிமேல் காற்று நடப்பதுபோல் இரைச்சல்.
ஓரின் ஹாகன்.

பதினோரு வருடம் என் காதுக்குள் இருந்த ஆள்.
முகம் பார்த்தது ஆறேழு தடவை இருக்கும்.
சூரியகாந்தி விதை மென்றுகொண்டே பேசுவான்.
துப்பிவிட்டுச் சொல் என்பேன்.
அன்றைக்கும் மென்றுகொண்டுதான் சொன்னான்:
பள்ளத்தில் ஒரு வேன்,
உள்ளே குழந்தை இருக்கிறது, இறங்குகிறேன்.

பின்னால் வந்த லாரிக்காரனுக்கும்
பனியில் கண் தெரியவில்லை.
குழந்தைக்குக் கீறல்கூட இல்லையாம்.
அந்த ‘ஆம்’மை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய?

பிற்பகல் இரண்டு ஆறு, பணி முடிந்தது என்று பதிந்தேன்.
‘குறிப்பு’ என்றொரு கட்டம் மிச்சம்.
காலியாக விட்டால் கணினி ஒப்புக்கொள்ளாது.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஒப்புக்கொண்டது.

இரவு இரண்டு மணிக்கு அழைப்பு:
ரூட்பெர்க் பண்ணை மாடுகள் நெடுஞ்சாலையில் நிற்கின்றன.
அது அவன் பகுதி.
வாய் முந்திக்கொண்டது.
நாற்பத்தொ

இருபத்தாறு, நீ போ.
மெதுவாகப் போ.
இறங்கினால் சொல்.
திரும்ப ஏறினாலும் சொல்.