இருபத்தோரு நாள் தண்ணீர்

அடித்தளத்துக்கு ஒரு போட்டோ,
லிண்டல் மட்டத்துக்கு ஒரு போட்டோ.
இரண்டிலும் நான் நிற்கிறேன், அதே நீலச் சேலையில்.
பின்னால் சுவர் மட்டும் வளர்ந்திருக்கிறது.
"கூரை போட்டுட்டுக் கூப்பிடுங்க,
அடுத்த பணம் ஏறும்" என்று
ஓவர்சீயர் வண்டியைத் திருப்பிப்
பதினான்கு மாதம்.

ஓலைக்குடாவில் இனி ஓலை வீடே இருக்கக் கூடாதாம்.
நல்லதுதான்.
ஐப்பசியில் ஓலைக்கடியில் படுத்தவர் யாரும்
மறுபேச்சுப் பேச மாட்டார்.

எம்-சாண்ட் பாலம் தாண்டி வர வேண்டும்.
வாசலில் கொட்டிக் கிடக்கும் மணலைத் தொட்டால்
அஞ்சே வருஷத்தில் உப்பு கம்பியைத் தின்னும்
என்கிறார் கொத்தனார் இன்னாசி.
பாசி எடுத்த காசு
லாரி வாடகைக்கே காணவில்லை.

வடக்கே சவுக்குத் தோப்பை வளைத்தவர்கள்
ஆறு குடில் கட்டினார்கள்,
ஓலையில்.
அந்தப் பக்கம் ஒரு சென்ட் என்ன விலை என்று
கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
அவர்களுக்குப் பழைய பனங்கை வேண்டுமாம்,
புகை ஏறிக் கறுத்தது.
என்னிடம் பதினெட்டு இருந்தது.
அடுப்படிக் கைகளுக்குக் கூடுதல் விலை.
ஒன்றில் என் கரிக்கணக்கு:
யாருடைய பாசி எத்தனை கிலோ, யார் பாக்கி.
அழிக்காமல் தரச் சொன்னார்கள்.
அதற்குத் தனியாக முந்நூறு கேட்டேன்.
கொடுத்துவிட்டார்கள்.
ஐந்நூறு கேட்டிருக்கலாம்.

கான்கிரீட் போட்ட மறுநாள்
இன்னாசி மேலே ஏறிச் சாந்தில் வரப்புப் பிடித்தார்,
நாற்று நடப் போகிறவர் மாதிரி
பாத்தி பாத்தியாக.
"இருபத்தோரு நாள் தண்ணி நிக்கணும்.
கடல் தண்ணி ஒரு சொட்டு ஆகாது.
கிணத்துத் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்துட்டு
நீயே சொல்லு."

குடம் பன்னிரண்டு ரூபாய்.
நாளுக்கு முப்பது குடம்.
நாங்கள் வாங்கிக் குடிக்கிற தண்ணீரை
எங்களுக்கு முன்னால் வீடு குடித்தது.
நம்புஸ்ரீ பள்ளிக்கூடம் போகுமுன்
ஏணியில் நாலு குடம் ஏற்றுவாள்.
ஒரு வியாழக்கிழமை குளிக்காமலே போனாள்.
போகிற போக்கில் வீட்டைத் திட்டினாள்,
வட்டிக்காரனைத் திட்டுகிற குரலில்.

இரவில் முட்டுக்கொடுத்த சவுக்குக் கழிகளுக்கு நடுவே
உடம்பை ஒடுக்கிப் படுத்தோம்.
தலைக்கு மேலே
முந்நூற்று அறுபது ரூபாய்
அசையாமல் நின்றது.

மழையே வராதே என்று
எத்தனை வருஷம் நேர்ந்திருப்பேன்.
இப்போது பாத்தி ஓரம் நின்று
கிழக்கே மேகம் தேடுகிறேன்.
படகில் போனவர் நினைப்பு
அதற்கப்புறம்தான் வந்தது.

பதினேழாம் நாள் விடியலில் தூறியது.
முப்பது குடம் தேறாது.
ஆறு, ஏழு பெறும்.
கொட்டகைச் சத்தம் இல்லை,
சட்டி தேடி ஓடவில்லை.
மேலே நனைந்துகொண்டு நின்றேன்.

கீழே கழிகளுக்குள்ளிருந்து
தூக்கக் கலக்கத்தில் கேட்டாள் நம்புஸ்ரீ:
"அம்மா, ஒழுகுதா?"

"இல்ல," என்றேன்.
"நிக்குது."