ஒரு எண் தள்ளி

சுத்தமல்லி அணைக்குக் கீழே, பம்ப் அறையில்,
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு
சுவரேறிப் போகின்றன இரண்டு செப்புக் கம்பிகள்.
அதன் வழியேதான் பேச்சு.

திரை கேட்கும்: நூற்றியொன்றில் என்ன இருக்குவே?
கன்ட்ரோலர் சொல்லும்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
எதுக்கு என்று இது கேட்காது,
எதுனுடையது என்று அது சொல்லாது.
எண்களுக்குப் பெயர் வைத்தவன் நான்:
பேட்டை ரோடு, சாயத்தெரு, ஓடைக்கரை, கல்மேடு.
நாலு தொட்டிக்கு நாலு நீலப் பட்டை.
ஐந்து மீட்டருக்கு மேல் எது வந்தாலும்
பட்டை முழுதாய் நிற்கும்.

நைட் ஷிப்ட் ஜெபக்கனி போன் போட்டார்.
"மோட்டார நிறுத்துனா
கல்மேட்டுத் தொட்டி ஒரு நொடியில வத்திருது தம்பி.
போட்டா ஒரு நொடியில நெறஞ்சிருது.
எந்தத் தண்ணிக்குய்யா அம்புட்டுக் காலு இருக்கு?"

சென்சார்ல தூசியா இருக்கும்க்கா, என்றேன்.
மறுபடி கூப்பிட்டபோது
சாரல்ல ஈரம் எறங்கியிருக்கும் என்றேன்.
மூன்றாம் முறை
வண்ணார்பேட்டை பாலத்தில் டிராபிக்கில் நின்றேன்.
"திரையில வர்றதுதாங்க்கா கணக்கு."

பன்னிரண்டாம் நாள் போனேன்.
பெயின்ட் டப்பாமேல் லேப்டாப்.
கல்மேட்டுக்கு நேரே 1482.
சென்டிமீட்டரில் பார்த்தால் மூன்று மாடி உயரத் தண்ணீர்.
இந்த அறையில் 1482 என்று சொல்லத் தெரிந்தது
ஒன்றே ஒன்றுதான். என் முதுகுக்குப் பின்னால்
அதிர்ந்துகொண்டிருந்தது,
நிமிடத்துக்கு அத்தனை சுற்று.

நெல் அளக்கிறவர் ஒன்று என்று தொடங்கமாட்டார்,
லாபம் என்பார்.
கன்ட்ரோலர் பூஜ்யம் என்று தொடங்குகிறது.
நான் ஒன்று என்று தொடங்கியிருந்தேன்.
அதனால் சாயத்தெருத் தண்ணீர் பேட்டை ரோட்டுக் கணக்கில்,
ஓடைக்கரை சாயத்தெருவில்,
கல்மேட்டு வறட்சி ஓடைக்கரைப் பெயரில்.
கல்மேட்டின் நீலப் பட்டைக்குள்
மோட்டாரின் வேகம்.
பேட்டை ரோட்டை யாருமே கேட்கவில்லை.
அது நிரம்பி, வழிந்து,
பன்னிரண்டு ராத்திரி சாக்கடையில் போனது.

பொய் சொன்னது கம்பியல்ல, திரையல்ல.
ஒரு பிட்டுகூடக் கெட்டுப்போகவில்லை.

திருத்த மூன்று நிமிடம்.
பட்டைகள் நான்கும் ஒருமுறை துள்ளி
அவரவர் வீட்டில் போய் உட்கார்ந்தன.
கல்மேடு: ஒன்பது சென்டிமீட்டர்.
இத்தனை நாள் ஊமையாய்க் கிடந்த மணி
அலறத் தொடங்கியது.

ஜெபக்கனி என்னைப் பார்க்கவில்லை.
வால்வு ஆளைத்தான் கூப்பிட்டார்:
"சங்கிலி, கல்மேட்ட முழுசாத் தொறயும்வே."

மேசையில் புகார் நோட்டு.
கல்மேடு, கல்மேடு, கல்மேடு.
ஒவ்வொன்றின் கீழும் பச்சை மையில்:
சரிபார்க்கப்பட்டது, தொட்டி நிரம்பியுள்ளது.
கடைசிப் புகார் பென்சிலில், ஒரே வரி:
ஒருதரம் ஏறிப் பாருங்க.

திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி
விட்டு விட்டு மின்னியது.
"இது என்னது?"
இருக்கியான்னு கேக்கும், இருக்கேன்னு சொல்லும்க்கா.
நொடிக்கு ஒருதரம்.
"இருந்தா மட்டும் போதுமாக்கும்" என்று
மணியை அணைத்தார்.

கல்மேட்டுக்கு வண்டியை விட்டேன்.
தெருவில் குடங்கள் இன்னும் வரிசையில்தான்.
யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
துருப்பிடித்த ஏணி, தொண்ணூற்று நான்கு படி.
மேலே ஆடிக்காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.
மூடியைத் திறந்து டேப்பை இறக்கினேன்.
உள்ளே இருட்டில் தண்ணீர் விழும் சத்தம்.

ஈரம் ஏறியிருந்தது நாற்பத்தொரு சென்டிமீட்டருக்கு.
திரையில எவ்வளவுக்கா?
"நாப்பத்து மூணு."
ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எதத் தம்பி எழுத?"

ரெண்டையும் எழுதுங்கக்கா.