பழையபடி

பத்தொன்பது கையெழுத்து வேண்டும் என்றார் நோட்டரி.
ஒரு வீட்டுக்கு. அதுவும் கூரை போன வீட்டுக்கு.
டொரொன்டோவில் நாலு பேர்,
கலிஃபோர்னியாவில் மாடு மேய்த்துப் பணக்காரரான ஒன்பது பேர்,
ஒருத்தி பெர்முடாவில்,
ஃபால் ரிவரில் எர்மீனியு சித்தப்பா,
மிச்சம் பேர் இதே தீவில்,
ஒருவரோடு ஒருவர் பேச்சில்லாமல்.
பங்கைக் கணக்குப் போட்டால்
எனக்கென்று தேறுவது அடுப்பும் அரை ஜன்னலும்.

சாவ் ஜோர்ஜேயில் கல் கறுப்பு.
எரிமலை கக்கியதை அடுக்கிச்
சுண்ணாம்பு பூசி, வெள்ளை வீடு என்போம்.
நாலு நாள் மழை பிடித்தால்
சுவர் உள்ளதைச் சொல்லிவிடும்.

நகராட்சிப் படிவத்தில் ஒரு கேள்வி:
‘என்ன செய்ய உத்தேசம்?’
‘பழையபடி கட்டுவது’ என்று எழுதினேன்.
அழகான சொல் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பேன்.
மூன்று மணிக்கு மேல் கொத்தனார் டேலியுவோடு
சல்லி, சாந்து, சண்டை.
உத்தரத்தை அவன் தட்டிப் பார்ப்பான்,
தர்பூசணி வாங்குகிறவன் போல.
‘இது இருக்கட்டும். இது போகட்டும்.
இது போய் ரொம்ப நாளாச்சு, உங்களுக்குத்தான் தெரியவில்லை.’

தாத்தா செராஃபிமின் படத்துக்குப்
புதுக் கண்ணாடி போட்டு வைத்திருந்தேன்,
கூரை வந்ததும் மாட்ட.

பின்னறைக் கதவில் ஒரு தாழ்ப்பாள்.
கை கனத்துக்கு இரும்பு, துருவேறி ஆடாமல்.
வினிகரில் மூன்று நாள் ஊறப்போட்டேன்,
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன், எண்ணெய் விட்டேன்.
‘டக்’கென்று விழுந்தது பாருங்கள், ஒரு சத்தம்!
டேலியுவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவன் கதவைச் சுற்றிப் பார்த்துவிட்டு
‘வெளிப்பக்கம் இருக்கிறதே’ என்றான்.
சோளம் வைத்திருப்பார்கள், எலிக்காக இருக்கும் என்றேன்.
எலி தாழ்ப்பாளைத் திறக்குமா என்று
அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பதினெட்டு கையெழுத்து வந்து சேர்ந்தது.
பத்தொன்பதாவதற்குப் பதில் ஒரு கடிதம்,
பேரங்காடி ரசீதின் பின்புறம், பென்சிலில்:

லியோனில்டே,
கையெழுத்துப் போடுகிறேன். பணம் வேண்டாம்.
பின்னறையை இடித்துவிடு.
முதலில் தாழ்ப்பாளை.
ஏனென்று உன் அப்பாவைக் கேள்.

அப்பா போய் ஆறு வருஷம்.
அப்பா படுத்த அறை எதுவென்று எனக்குத் தெரியும்.
இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்.
கட்டில்கால் அழுந்திய குழி
பலகையில் இன்னும் இருக்கிறது,
தலைமாடு சுவரை ஒட்டி.
காது எங்கே இருந்திருக்கும் என்று
மண்டியிட்டுப் பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

பதினேழு வயதில் ஓடிப்போனவன் என்று
சித்தப்பாவைப் பற்றி ஒரே வரிதான் எங்கள் வீட்டில்.
எதிலிருந்து என்று அந்த வரி முடிந்ததே இல்லை.

தாழ்ப்பாளில் நாலு திருகாணி.
மூன்று என் எண்ணெய்க்கு இணங்கி வந்தன.
நாலாவதை அறுக்க வேண்டியிருந்தது.

இடிக்க இரண்டு நாள்.
பூசுவதைவிட இது மலிவு என்றான் டேலியு,
ஆறுதலாகச் சொன்னானோ, கணக்காகச் சொன்னானோ.
படிவத்தைத் திருத்தப் போனேன்.
‘பழையபடி என்று எழுதியிருக்கிறீர்களே’ என்றார் அதிகாரி.
ஆமாம், தப்பாக எழுதிவிட்டேன் என்றேன்.
ஒரு ஸ்டாம்புக்குப் பன்னிரண்டு யூரோ.

கையெழுத்து வந்தது, விரைவு அஞ்சலில்.
பெயரைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

இப்போது கூரை இருக்கிறது.
தாத்தாவின் படம்
அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், முகம் உள்ளே திரும்பி.
எறியவும் இல்லை, மாட்டவும் இல்லை.
தாழ்ப்பாள் மேசை அறையில், சில்லறைக்கு அடியில்.

பின்பக்கம் பழைய படி மட்டும் நிற்கிறது,
ஒற்றைக் கறுப்புக்கல், நடுவில் தேய்ந்து.
ஏறினால் எங்கும் போகாது.
பக்கத்து வீட்டுக் கோழி ஏறி நின்று
கடலைப் பார்த்துவிட்டு
இறங்குகிறது.