அரசுத் தரப்புச் சாட்சி இரண்டு

தலைச்சாயம், பெட்டி இரண்டு.
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
சேலை மடிப்புக்குள் போனதைக் கேமரா பார்த்தது.
கேமராவைக் கூண்டில் ஏற்ற முடியாது,
வாசலில் மறித்த என்னை ஏற்றினார்கள்.

கடை தங்கச்சிமடத்தில், கோர்ட்டு ராமேஸ்வரத்தில்.
முதல் வாய்தாவுக்கு நீதிபதி விடுப்பு.
இரண்டாவதற்கு வக்கீல்கள் புறக்கணிப்பு.
மூன்றாவதன்று பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு,
காற்று, மழை, கரண்டு இல்லை.
நான்காவது ஏன் தள்ளிப்போனதென்று
யாரும் சொல்லவில்லை, தேதி மட்டும் சொன்னார்கள்.
தேதிக்கு அரை நாள் சம்பளம் போனது எனக்கு.

"அமலோற்பவம்... அமலோற்பவம்... அமலோற்பவம்..."
டவாலி மூன்று தடவை கூப்பிட்டால்
எந்தப் பேரும் எதையோ எடுத்த பேராகத்தான் கேட்கும்.

உடைமரத்தடியில் கிடந்தது ஒரே பெஞ்சு.
ஒரு முனையில் அவள், மறு முனையில் நான்.
கோர்ட்டுத் தமிழில் அவளுக்குப் பெயர் எதிரி.
யாருக்கு என்று போட்டிருக்கவில்லை.

வாய்தாவுக்கு வாய்தா
அவள் வகிடு வெளுத்துக்கொண்டே வந்தது.
ஒரு விரல் அகலம், இரண்டு விரல்,
பிறகு காதோரம், பிறகு பின்னல் பாதி வரை.
வழக்கு எத்தனை நாள் ஓடியதென்று
நான் அதில்தான் கணக்கு வைத்தேன்.

எத்தனை மணிக்கு என்று ஏட்டு கேட்டார்.
எந்த ரேக் என்று எஸ்.ஐ. கேட்டார்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்.
அன்றைக்கு அவள் பர்சில் ஆயிரத்து இருநூறு இருந்தது.
மகஜரில் அதுவும் எழுதியிருக்கிறது.

போலீஸ் பெரிய பிரிவாகப் போட்டிருந்தது,
பொருள் காக்கும் கட்டடத்துக்குள் திருட்டு என்று,
ஏழு வருசம் வரைக்கும் இழுக்கும்.
அவள் வக்கீல் வில்வதுரை எழுந்து,
"கதவைத் திறந்துவைத்து, ஏசி போட்டு,
வருக வருக என்று போர்டு மாட்டிய இடம்
கிடங்கு ஆகுமா, ஐயா?" என்றார்.
அதற்கு ஒரு வாய்தா.

என் முறை வந்தபோது
காக்கி உறையிலிருந்து சான்றுப்பொருள் ஒன்றை எடுத்தார்கள்.
ஓரம் பூச்சி அரித்து, மேலே உப்புப் பூத்து,
அட்டையில் சிரிக்கிற பெண்ணுக்கும் கூந்தல் நரைத்திருந்தது.
காலாவதி போன தை மாசமே.
"இதேதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"
கோட்டுக்குறியின் கடைசி நாலு எண்ணைப்
பெட்டியைப் பார்க்காமல் சொன்னேன்.
ஏழு, ஒன்று, ஒன்று, ஆறு.
அம்மாவின் செல் நம்பர்கூட எனக்கு அப்படி வராது.
அமலோற்பவம் என்னை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

பிரிவு சின்னதானது.
முதல் தடவை, ஐயாயிரத்துக்குக் கீழே,
விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
சமூக சேவை, பதினைந்து நாள்,
அரசு ஆஸ்பத்திரி வளாகம் கூட்ட வேண்டும்.
அவள் நானூற்றுப் பன்னிரண்டை எண்ணிவைத்தாள்.
முதலாளி ஜபருல்லா கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

அதே நானூற்றுப் பன்னிரண்டைச்
சரக்குக் குறைவு என்று எழுதி
முதல் மாசமே என் சம்பளத்தில் கழித்திருந்தார்.
அதைச் சொல்ல எனக்கு வாய்தா கிடையாது.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லணும்
என்று அரசு வக்கீல் முன்னமே சொல்லியிருந்தார்.

திரும்பும் டவுன் பஸ்ஸில்
இரண்டு பேருக்கும் மகளிர் இலவசச் சீட்டு.
அன்றைக்கு யாரும் யாரிடமும்
காசு கேட்காத ஒரே இடம்.
அக்காள்மடத்தில் இறங்கும்போது,
"வாரேன்" என்றாள். தலையாட்டினேன்.

கடையில் கல்லாவுக்குப் பின்னால்
அவள் படம் இன்னும் இருக்கிறது,
கேமராவிலிருந்து உருவியது, தலை கறுப்பாக,
கீழே சிவப்பு மையில் திருடி என்று.
பதினைந்து நாளும் கூட்டி முடித்துவிட்டாள்.
படத்தைக் கழற்றச் சொல்லித் தீர்ப்பில் இல்லை.

கடல்காற்றுக்கு டேப் நிற்பதில்லை,
வாரம் ஒரு மூலை விடும், ஒட்டச் சொல்வார்.
டேப் தீர்ந்துபோச்சு அண்ணே என்றேன் நேற்று.
மேஜைக்குள் மூன்று உருளை இருக்கிறது.
கூண்டு ஏறிச் சொன்னதில்லையே அது.