வெப்பம் திருத்திய அளவு

மீனாட்சிபுரம் செக்போஸ்ட், பால் பரிசோதனைக் கூடம்.
எனக்கு இரவு எட்டிலிருந்து காலை எட்டு.
தேவஸிக்குப் பகல்.
சாவி கைமாறும் பத்து நிமிடம்தான்
இருவரும் ஒரே கூரையில்.
அதிலும் பாதி
ஆசிட் பாட்டில் எண்ணுவதில் போய்விடும்.

ஆகவே பேச்செல்லாம்
பாழான ரிப்போர்ட் தாளின் பின்பக்கம்.
இழுப்பறையில், உடைந்த லேக்டோமீட்டரின் பெட்டிக்குள்
ஒரு மெமரி கார்டு, அதன்மேல் தாள்.

"நேற்று கேட்டது செல்லோ. ஒற்றை ஆள்.
வில் தொடுமுன் மூச்சு வாங்குகிறார்.
மூச்சு கேட்டதா என்று முதலில் சொல்லவும்."

நென்மாறா பள்ளிப் பாடகர் குழுவில்
அடிக்குரல் அவனுக்கு.
தமிழையும் மலையாளம்போல் உருட்டித்தான் எழுதுவான்.

நான் எழுதினேன்:
"கேட்டது. இரண்டு மணிக்கு உடுமலை வண்டி.
ஹாரன் அவர் சுருதிக்கு அரைக்கட்டை கீழே.
டிரைவரிடம் சொல்லவில்லை."

சில நாள் ஒரு வரியோடு சரி.
"சகானா. சாப்பிடுமுன் வேண்டாம், தொண்டை அடைக்கிறது."
"வயலின் தேவலை. மிருதங்கக்காரருக்குக்
கடைசி பஸ் போல."
"நாகஸ்வரம், தோடி, நாற்பது நிமிஷம்.
சென்ட்ரிஃபியூஜை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.
நாலு சாம்பிள் தாமதம், மன்னிக்கவும்."

ஓணத்துக்கு முந்தின வாரம்
வாசலிலிருந்து ரயில்வே கேட் வரை டேங்கர்.
அவன் எழுதியது: "பால்."
நான் எழுதியது: "பால்."

சண்டை ஒரு பைரவியால் வந்தது.
பாடியவர் பெயர் தெரியாது.
ஏதோ கல்யாண வீடு. பாத்திரம் விழுகிறது,
ஒரு குழந்தை "அம்மா, பாயசம்" என்கிறது.
எனக்குச் சித்தூரில் ஒருவர் தந்த கேசட்டிலிருந்து.
அதே கச்சேரி அவனிடமும் இருந்தது,
கொல்லங்கோட்டு மச்சான் வீட்டு ஸ்பூலிலிருந்து.

நான்: "காலடியில் நெருப்பு வைத்ததுபோல் பாடுகிறார்.
இந்த அவசரம் வேறு யாருக்கும் வராது."
அவன்: "அவசரமா?
சாய்வு நாற்காலியில் கிடந்து பாடுகிறார்."
"காதைக் கழுவவும்."
"கழுவினேன். நாற்காலிதான்."

மூன்று வாரம் இப்படி.
நடுவில் நான் கோபத்தில்
ஒரு கொழுப்புச் சதவீதத்தைத் தப்பாக எழுதி
அடித்துத் திருத்தினேன்.

ஞாயிறு காலை. கரண்ட் இல்லை.
வரிசையில் ஒரே வண்டி.
இரண்டு போனையும் மேசையில் வைத்து
ஒன்றாகத் தட்டிவிட்டோம்.

என் போனில் குழந்தை முதலில் கேட்டது, கீச்சென்று.
பதினொரு வினாடி கழித்து அவன் போனில்
அதே குழந்தை
இரண்டு வயது கூடி, நிதானமாக,
பாயசம் கேட்டது.

தேவஸி சிரிக்கவில்லை.
தெர்மாமீட்டரை எடுத்து என் போன்மேல் வைத்தான்.
"கேசட் வேகமாக ஓடியிருக்கிறது.
நீங்கள் வெப்பம் பார்க்காமல் அடர்த்தி படித்துவிட்டீர்கள்."

"ஸ்பூல் மெதுவாக ஓடியிருந்தால்?" என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.
பாலுக்கு இருபத்தேழு டிகிரி என்று ஒன்றுண்டு.
கூடினால் இவ்வளவு சேர், குறைந்தால் இவ்வளவு கழி,
சுவரிலேயே அட்டவணை ஒட்டியிருக்கிறது.
அந்தக் கல்யாண வீட்டுக்கு
எந்தச் சுவர்?
வெளியே டிரைவர் கதவைத் தட்டினான்.

அன்றிரவு அவனுடையதைக் கேட்டேன்.
ஒவ்வொரு ஸ்வரத்திலும் அவர் அமர்ந்து எழுந்தார்.
நான் ஓட்டம் என்று நினைத்திருந்த இடத்தில்
வெற்றிலையை ஒதுக்கிக்கொள்கிற சத்தம்.

தாளில் எழுதினேன்:
"நாற்காலிதான். ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் நெருப்பை அழிக்கக் கை வரவில்லை.
இரண்டும் கார்டில் இருக்கட்டும்."

மறுநாள் பெட்டிக்குள் பதில்:
"இருக்கட்டும்.
நேற்று உங்களுடையதைப் போட்டுக்கொண்டு
ஒன்பது சாம்பிள் முடித்தேன், வழக்கமாய் ஆறு.
ஆசிட் இரண்டு பாட்டில்தான் மீதி."