அரை – பூஜ்யம் – அரை

நாலு ரோட்டில் என் மருந்துக்கடை.
நாள் முழுக்கக் கவர்மேல் எழுதித் தருகிறேன்:
ஒன்று – பூஜ்யம் – ஒன்று,
சாப்பாட்டுக்கு அப்புறம், மறக்காமல்.
தலையாட்டி வாங்கிப் போகிறார்கள்
என்னைவிடப் படித்தவர்களும்,
ஸ்டீல் பிளாண்டில் நூறு பேரை விரட்டி வேலை வாங்கியவரும்.

வீட்டில் ஒருவன் தலையாட்டுவதில்லை.

பெயர் பதினாலு.
ஏற்காட்டுப் பாதையில் பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
குரங்குகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்ட இடத்தில்
பங்கு கிடைக்காமல் நின்றவனை
மச்சான் மாதேசு பலாப்பழ லோடுக்கு நடுவே ஏற்றிவந்தான்.
கால்நடை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்
"பேரைக் கேட்டா நம்பர் சொல்றீங்க" என்று எரிந்து விழுந்தார்.
பிறகு அப்படியே எழுதினார்:
பதினாலு. ஆண். வயது ஐந்து இருக்கலாம்.
வலிப்பு.

காலை அரை, இரவு அரை.
ரிஜிஸ்டரில் விற்றவன் நான், வாங்கியவனும் நான்,
இரண்டு கையெழுத்தும் ஒரே பேனாவில்.
பிளேடு வைத்தால் தூள் சிந்தாது, இருபது வருசக் கை.

இட்லிக்குள் வைத்தேன்.
இட்லி போனது. மாத்திரை
கழுவித் துடைத்ததுபோல் தட்டில் இருந்தது.
குண்டு மாம்பழச் சதையில் புதைத்தேன்,
கொட்டை வரைக்கும் சப்பிவிட்டு
அதை மட்டும் என் காலடியில் கொண்டுவந்து வைத்தான்,
நான் தவறவிட்டதைத் திருப்பித் தருகிறவன் மாதிரி.
விசாலம் ஈரலைக் கீறி உள்ளே வைத்து
நிஜமாகவே ஊசி நூலால் தைத்தாள்.
தையல் பிரித்தான்.

கடைசியில் டாக்டரம்மா காட்டியபடி
வாயைப் பிளந்து, அடிநாக்கில் போட்டு,
தாடையைப் பிடித்துக் கழுத்தை நீவினேன்.
விழுங்கினான். மூக்கை நக்கினான். வாலும் ஆட்டினான்.
"தொழில் தெரிஞ்சவன் கை, பாத்தியா?"

பத்தொன்பது நாள் வலிப்பே இல்லை.
கம்பெனி நல்ல கம்பெனி என்று
கடைப்பையனிடம்கூடச் சொன்னேன்.

ஆடிப் பதினெட்டுக்கு வீடு கழுவ
கிரைண்டரை நகர்த்தினாள் விசாலம்.
பின்னால் வெள்ளை வெள்ளையாய்
முப்பத்தொன்று.
முப்பத்தெட்டில் முப்பத்தொன்று.
இரண்டு தடவை எண்ணினேன்.
அவன் வாசற்படியில் படுத்துத்
தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு ஒன்றும் ஆகவில்லை.
மூன்றாம் நாள், கரண்ட் போன நேரம், வந்தது.
படுத்தபடியே நாலு காலும் ஓடின,
எந்த மலையிலோ ஏறுகிறவன்போல.
செல்போன் வெளிச்சத்தில் விசாலம் நொடிகளை எண்ணினாள்,
எழுபதுக்கு மேல் சத்தமில்லாமல்.
நின்றது. எழுந்தான்.
என்னைப் பார்த்து உறுமினான்.
சுவரோரமாகவே நடந்து தண்ணீர்க் குடத்தில் முட்டினான்,
நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.
ரொம்ப நேரம் கழித்து என் செருப்பை மோந்தான்,
அப்புறம் காலை,
அப்புறம் காலின்மேலேயே படுத்தான்.

மறுநாள் சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிவந்தேன்.
போன் அடித்தது, எழுந்து போனேன்.
திரும்பினால் ஓரத்தில் வைத்த வெறும் தட்டுவடை ஒன்றைக் காணோம்.
கட்டிலுக்கடியில் நொறுங்கும் சத்தம்.

கொடுத்தால் மருந்து. திருடினால் தீனி.
இத்தனை நாள் எனக்கு எட்டவில்லை.

இப்போது தினமும் இரண்டு வேளை நாடகம்.
தட்டுவடை இரண்டு, நடுவில் துளி வெண்ணெய், வெண்ணெயில் அது.
ஸ்டூல்மேல் வைத்துவிட்டு நான் டி.வி. பார்க்க வேண்டும்,
பார்க்கிறேன், என்ன ஓடுகிறது என்று கேட்காதீர்கள்.
நகம் தரையில் கீறும்.
"ஐயோ, திருடிட்டான்!" என்று விசாலம் கத்த வேண்டும்.
அவன் ஓட வேண்டும்.
மெல்ல நேரமில்லாமல் விழுங்க வேண்டும்.

நேற்று ராத்திரி அவள் குக்கர் விசிலில் கத்த மறந்துவிட்டாள்.

அவன் பாதி வழியில் நின்றான்.
வாயில் தட்டுவடையோடு
அடுப்படியைத் திரும்பிப் பார்த்தான்.
பிறகு என்னை.

"ஐயோ, திருடிட்டான்" என்றேன்.

ஓடினான்.