நிலத்தைக் கையளித்தல்

செப்புக் கம்பி இரண்டையும்
பழைய பேனைக் கோதுக்குள் செருகிப் பிடித்தபடி
சவிரிமுத்தர் எங்கள் அறைக்குள் நடந்தார்,
முட்டை கொண்டுபோகிறவர் மாதிரி.
செட்டிகுளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்.
எண்பது கிணற்றுக்குக் குறி சொன்ன கை.
இப்போது வருத்தக்காரர் வீடுகளுக்கும் வருகிறார்;
பெற்றோல் காசும் ஒரு தேங்காயும் போதும்.

கட்டிலடியில் கம்பிகள் ஒன்றையொன்று கொத்தின.

"ரெண்டு நீரோட்டம், பிள்ளை.
இதிலைதான் குறுக்கறுக்குது.
மேல படுக்கிறவன்ரை சத்தைக்
கீழ இருந்து உறிஞ்சும்.
சிறுநீரகம் என்னெண்டு தாங்கும்?"

கட்டிலில் இருந்தபடி விசாகரத்தினம்,
என் மனுசன், தலையாட்டினார்.
கிரியற்றினின் ஆறு தசம் இரண்டு.
கிழமைக்கு இரண்டு முறை வவுனியாவில்
மெசினுக்குள் போய்வருகிற இரத்தம்.
ஏன் வந்தது என்று கேட்டதற்கு
ஒரு டொக்டர் தண்ணியாயிருக்கலாம் என்றார்,
ஒருவர் வயல் மருந்தாயிருக்கலாம் என்றார்,
ஒருவர் பேனையை மூடினார்.
இதுதான் இடம் என்று
விரல் வைத்துக் காட்டிய முதல் ஆள் சவிரிமுத்தர்.

எங்கள் கிணற்றுக்கும் குறி சொன்னது இதே கைதான்.
நல்ல ஊற்று. இருபத்தாறு அடி.
அதில் தேத்தண்ணி வைத்தால்
மேலே ஒரு வெள்ளைத் தோல் படரும்.
பன்னிரண்டு வருசம் குடித்தோம்.

நான் பேசவில்லை.
ஒன்பது வருசம் கண்ணிவெடி கிளறினவள்.
நிலத்துக்குள் இருப்பதைப் பற்றி
ஆரும் எனக்குச் சொல்ல வந்தால்
ஒரு சின்ன எரிச்சல் வரும்.
மெசின் கூவினால் மண்டியிட்டு,
பக்கவாட்டில், விரல் விரலாய்ச் சுரண்டுவேன்.
நூறு கூவலில் தொண்ணூற்றெட்டு
மீன்ரின் மூடி, ஆணி, சைக்கிள் மணி,
ஒருமுறை ஒரு கொலுசு.
கூவலை நம்பு, ஆனால் தோண்டிப் பார்:
சம்பளத்துக்குப் படித்தது அவ்வளவுதான்.
இவர் தோண்டச் சொல்லவில்லை.
கட்டிலை நகர்த்தச் சொன்னார்.

நகர்த்தினோம். வீட்டுத்திட்டத்து வீடு;
எந்தச் சுவரோரமும் ஏற்கனவே ஏதோ சாமான்.
தையல் மெசின் குசினிக்குப் போனது.
அன்றிரவு அவர் விடியும்வரை நித்திரை.
அடுத்த இரவும்.
எனக்கு அது பிடிக்கவில்லை. பிடித்தது.
புது இடத்தில் யன்னல் இருக்கிறது, காற்று வருகிறது.
நான் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு
சேர்ட் கொழுவியை வெட்டி வளைத்தேன்.
கண்ணைச் சால்வையால் கட்டிக்கொண்டு நடந்தேன்.
கம்பி கொத்தின இடமெல்லாம்
செத்தல் மிளகாய் ஒவ்வொன்று வைத்தேன்,
சிவப்புத் தடிக்குப் பதிலாக.
முதல் நடைக்கு ஐந்து. மறு நடைக்கு ஏழு.
ஒன்றுகூட முந்தின இடத்தில் இல்லை.
கட்டை அவிழ்த்து,
பழைய கட்டில் கால்களின் தழும்பைப் பார்த்தபடி போனால்
ஒவ்வொரு முறையும் கொத்துகிறது.
மணிக்கட்டுத்தான்.
அந்த மணிக்கட்டை எனக்குத் தெரியும்;
மெசின் கூவ முதலே
சில நாள் அது கூவியிருக்கிறது.

விடிய எழும்பியவர்
"எங்கையப்பா நான் கால் வைக்கிறது?" என்றார்.
சிரித்தோம். சிரித்தால் அவருக்கு மூச்சு முட்டும்,
அதனால் கொஞ்சமாய்.

துப்புரவாக்கிய காணியைக் கொடுக்க முன்
உரியவர் பார்த்து நிற்க
நாங்கள் வரிசையாய் அதன்மேல் நடந்து காட்டுவோம்.
ஒலுமடுப் பக்கம் ஒருத்தி
நாங்கள் திரும்பி வரும்வரை
தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

ஒன்பது இரவாய்
அந்த நாலு தழும்புக்கும் நடுவில்
பாய் போட்டு நான் படுக்கிறேன்.
சீமெந்து குளிர்கிறது.
இடுப்பு நோகிறது, அது முந்தியும் நொந்தது.
நேற்றுக் காதை நிலத்தில் வைத்துப் பார்த்தேன்.
இருட்டுக்குள் கட்டிலில் இருந்து அவர்:
"ஏதும் ஓடுதோ?"

"இல்லை. படுங்கோ.
விடிய முதல் பஸ்."